கிருமி முளைக்காத தட்டு

தூத்துக்குடியில் சங்கத்துக்குப் பஞ்சமே இல்லை. உப்பளக்காரர்களுக்கு ஒன்று, தோணிக்காரர்களுக்கு ஒன்று, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இரண்டு. கூட்டம் போடுவார்கள், வடை தின்பார்கள், சண்டை போடுவார்கள், கலைவார்கள். எழுபதுகளின் நடுவில் பாசிக்காரர்களும் ஒரு சங்கம் ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. கடலுக்குள் பாறையில் முளைக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கொண்டுவந்து அலசி, காய்ச்சி, வடிகட்டி, ஐஸ் பாக்டரியில் உறையவைத்து, வெயிலில் உலர்த்தினால் நார்நாராக வருவதுதான் அகர். மிட்டாய்க்காரர்கள் வாங்குவார்கள், ஐஸ்கிரீம்காரர்கள் வாங்குவார்கள். இதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பெயர்ப்பலகை!

ஆனால் தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி விவரமான மனுஷன். வடக்கே தடுப்பூசியும் மருந்தும் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. கிருமியை வளர்த்து அதிலிருந்து மருந்து எடுக்கிற தொழில். கிருமி வளர அகரில் செய்த படுக்கை வேண்டும். அந்த அகரை அவர்கள் ஜப்பானிலிருந்து வரவழைத்தார்கள். நம் சரக்கைக் காட்டினால், ஒரு மூட்டை மாதிரி மறு மூட்டை இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

"தனித்தனியாப் போனா வாசல்ல நிக்க வாட்ச்மேனே நம்மள வெரட்டிருவான். சேந்து போவோம்" என்றார் அண்ணாச்சி. எல்லாருடைய அகரையும் சங்கமே சோதிக்கும். தேறியதை ஒன்றாகக் கலந்து, சங்கத்தின் முத்திரை குத்தி அனுப்பும். ஒருவர் சரக்கு கெட்டிருந்தால் மொத்தமும் கெட்டதுதான். அதனால் சோதிக்கிற ஆள் யார் முகத்துக்கும் அஞ்சாத ஆளாக இருக்கவேண்டும்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் ஜீவமணி. நாசரேத்துக்காரி, வாத்தியார் மகள், பாளையங்கோட்டையில் படித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரி லாபரட்டரியில் வேலை பார்த்தவள். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். ஒரே அண்ணன் ஜாம்ஷெட்பூரில் வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான், கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவான். கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின, பிறகு வருவதே நின்றுபோயிற்று. முப்பத்தைந்து வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தூத்துக்குடியில் வந்து இறங்கியபோது, இவளை எதிர்பார்த்து எந்த ஊரிலும் யாரும் இல்லை.

பீச் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கடையின் மாடியில் சங்கம். முன்னறையில் நாற்காலிகளும் மின்விசிறியும். பின்னறையில் ஒரு ஸ்டவ், சூடு மாறாத ஒரு பெட்டி, மூடிபோட்ட கண்ணாடித் தட்டுகள், ஜீவமணி. அகரை உருக்கிச் சத்து கலந்து தட்டில் ஊற்றுவாள். இறுகியதும் தீங்கில்லாத ஒரு கிருமியை அதன்மேல் தடவிப் பெட்டிக்குள் வைப்பாள். நல்ல அகர் என்றால் கிருமி பொட்டுப் பொட்டாக முளைத்துக்கிடக்கும். முளைக்காவிட்டால் சரக்கு தேறவில்லை.

தேறாத சரக்குக்காரன் அவள் முகத்தில் விழிப்பானா? முதல் வருஷத்திலேயே பாதிப் பேர் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போக ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் அளவுக்கு மீறி இளித்தார்கள், அது இன்னும் மோசம். ஒருமுறை ஒரு முதலாளி முடிவை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, கூட்டத்துக்கு முன்னால் மாதிரியை மாற்றிவிட்டார். பெரிய ரகளை. அதன்பிறகு ஜீவமணியே ஒரு விதி கொண்டுவந்தாள். முடிவு எதுவானாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் சொல்வது, அதற்கு முன்னால் தலைவருக்குக்கூடச் சொல்வதில்லை. அண்ணாச்சி சந்தோஷமாகத் தலையாட்டினார். சங்கத்துக்கு அது ரொம்ப நல்ல விதி. அவளுக்குத்தான் அது நல்லதாக அமையவில்லை.

அந்த மாடிப்படியில் மனுஷ முகத்தோடு ஏறிவந்தவள் திரேஸ்புரத்துப் பிளாரன்ஸ் ஒருத்திதான். புருஷன் கப்பலில். வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டு, ஏழெட்டுப் பெண்களை வைத்து அகர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சங்கத்தில் இருந்த ஒரே பெண் உறுப்பினர். குரல் கொஞ்சம் ஊருக்கே கேட்கும். ஒருநாள் மாதிரி கொடுக்க வந்தவள், ஜீவமணி தட்டுகளுக்கு நடுவே டிபன்பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாகத் தயிர்சோறு தின்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏளா, நாத்தம் புடிச்ச கிருமியோட உக்காந்து திங்கியே, ஒனக்கு வேற சேக்காளியே கெடைக்கலியா? ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வா."

ஜீவமணி போனாள். பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனாள். இவள் தன் சர்ச்சில் ஆராதனை முடித்து வரும்போது, அங்கே பிளாரன்ஸ் பூசை கண்டுவிட்டு வந்து குசினியில் மீன் குழம்பைக் கொதிக்கவிட்டிருப்பாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு மாலைவரை பேசுவார்கள். பெரும்பாலும் பிளாரன்ஸ் பேசுவாள், இவள் சிரிப்பாள். வாரம் முழுக்க வாயைத் திறக்காத பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்க ஆரம்பித்துவிடுவாள்.

எழுபத்தேழில் அண்ணாச்சி அலைந்து திரிந்ததற்குப் பலன் வந்தது. பம்பாய்ப் பக்கத்தில் தடுப்பூசி செய்கிற கம்பெனி ஒன்று, சோதனைக்காக ஒரு லாட் சரக்கு அனுப்பிப் பாருங்கள் என்றது. அது பிடித்துவிட்டால் ஜப்பான் அகரை நிறுத்திவிடுவார்களாம். ஊரில் அத்தனை பாசிக்கொட்டகைக்கும் வருஷம் பூராவும் வேலை. பிளாரன்ஸ் கூடுதலாகப் பெண்களை வேலைக்குச் சேர்த்தாள். தன் சரக்குதான் முதலாவதாக நிற்கவேண்டும் என்று அவளுக்கு வெறி.

எங்கள் ஊர்க்காரர்களின் கண்ணைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உப்பைப் பார்த்தே வளர்ந்த கண் அது. வெள்ளையாக இருந்தால் ஒசத்தி, மங்கலாக இருந்தால் மட்டம், அவ்வளவுதான் தெரியும். அகர் இயற்கையில் லேசாகப் பழுத்த நிறம். அதைப் பால் மாதிரி ஆக்கவேண்டுமென்று பிளாரன்ஸ் பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டு ஊறவைத்தாள். வேறு ஊர்க்காரிக்கு இந்தப் புத்தி வந்திருக்காது. மாதிரிகள் மேசைக்கு வந்தபோது அண்ணாச்சியே அவளுடையதைக் கையில் எடுத்து, "அம்மாடி, முதல்தர உப்பு மாதிரில்லா இருக்கு!" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜீவமணி பெட்டியைத் திறந்தாள். எல்லாத் தட்டுகளிலும் கிருமி முளைத்திருந்தது, ஒன்றைத் தவிர. அதற்கு ஜோடியாக வைத்திருந்த தட்டும் துடைத்துவிட்டது மாதிரி கிடந்தது. மருந்து நெடி லேசாக மூக்கில் ஏறியது. தட்டின் அடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டைத் திருப்பிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அந்த வெள்ளையை அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போகாமல் இருந்திருக்கலாம், தலைவலி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். போனாள். பிளாரன்ஸ் ஊளிமீன் வாங்கி வைத்திருந்தாள்.

"ரிசல்ட்ட நான் கேக்கமாட்டேம்ளா. ஒன் ரூலு எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சோற்றைப் போட்டாள். "இந்த ஆர்டர் மட்டும் வரட்டும், பின்னால பந்தலுக்குத் தளம் போட்டுருவேன். பொம்பளப்பிள்ளைய மண்ணுல நின்னு காய்ச்சுதுவ, பாவம். நாளைக்கு மீட்டிங்குக்குப் புதுச்சேல எடுத்து வச்சிருக்கேன், பாக்கியா?"

ஜீவமணி சேலையைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டால் பிளாரன்ஸ் ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாதிரி கொண்டுவருவாள், மற்றவர்களுக்கு அது துரோகம் என்று நினைத்துக்கொண்டாள். அது நிஜந்தான். ஆனால் அந்த மத்தியானத்தைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை, அதுவும் நிஜந்தான். எனக்கு இந்த இடத்தில் அவள்மேல் கோபம் வரும். மாதிரியை மாற்றாதே, ஆனால் நாளைக்குக் கூட்டத்துக்கு வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியா முழுகிப்போயிருக்கும்? சொல்லவில்லை. வழக்கம்போலப் பாயில் படுத்துக்கொண்டு மாலைவரை பேச்சைக் கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பிளாரன்ஸ் புதுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜீவமணி எழுந்து நின்று தேறியவர்களின் பெயரைச் சொன்னாள். பிறகு, "பிளாரன்ஸ் அம்மா சரக்கு தேறல" என்றாள். குரல் நடுங்கவில்லை. அதைத்தான் பின்னால் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள்.

"ஏம்மா, இதுதானே இருக்கதுலயே வெள்ள?" என்றார் அண்ணாச்சி. தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரு கிருமிகூட இல்லியே. சுத்தமால்லா இருக்கு?"

"கிருமி வளரணும் அண்ணாச்சி. அதுக்குத்தான் அவங்க வாங்குதாங்க. இதுல பிளீச்சிங் பவுடர் தங்கியிருக்கு. கிருமி செத்துப்போகுது."

"சரிம்மா, மொத்தத்துல இது ஒரு பங்குதானே. கலந்தாத் தெரியவா போகுது? மூட்டைக்கு மேலாப்புல இத வச்சா எடுப்பா இருக்கும்."

"கலந்தா நான் முத்திர குத்தமாட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சோப்புப்போட்டுக் குளிப்பாட்டியிருப்பா என்று ஒருவன் சொன்னான். பிளாரன்ஸ் யாரையும் திட்டவில்லை. அவ்வளவு பெரிய குரல்காரி, எழுந்து வந்து ஜீவமணியின் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கெழம."

"நேத்து தெரிஞ்சுக்கிட்டேதான் திண்ணியா?"

பிளாரன்ஸ் படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் சரக்கு இல்லாமல் லாட் போயிற்று. பம்பாய்க்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆர்டர் வந்தது, இன்னும் இரண்டு கம்பெனிகள் விசாரித்தன, சங்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் சந்தா கட்டிச் சேர வந்தார்கள். பின்னறைக்குப் பெரிய பெட்டி வாங்கினார்கள். பிளாரன்ஸ் கூடுதலாகச் சேர்த்த பெண்களை வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீவமணி திரேஸ்புரத்துக்குப் போனாள். பிளாரன்ஸ் வாசலிலேயே நின்று, பாசி வெயிலில் கிடக்கிறது, வேலை இருக்கிறது என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதற்கடுத்த வாரமும் அதே பதில். பிறகு ஜீவமணி போகவில்லை. ஆராதனை முடிந்ததும் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வெயில் தாழும்வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மாடியைத் திறந்து, வேலையே இல்லாமல் தட்டுகளைக் கழுவுவாள். அழுதாளா என்றால், அழுதாள்.

பிளாரன்ஸ் பிளீச்சிங் பவுடரை விட்டாள். வெறும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலிலேயே வெளுக்கவிட்டு, மங்கலான அகரைக் கொடுத்தனுப்பினாள். மாதிரியைக் கொண்டுவருவது வேலைக்காரி அமலோற்பவம். அந்தத் தட்டில் கிருமி அடர்ந்து முளைத்தது. அதைப் பார்த்து ஜீவமணிக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லை.

வருஷக் கடைசிப் பொதுக்கூட்டத்தில் சரக்கு தேறாத நாலைந்து பேர் கூடிப் பேசிவைத்துக்கொண்டு, ஆர்டர்தான் நிலைத்துவிட்டதே, இனிச் சோதனைக்கு ஒரு பொம்பளையும் பின்னறையும் எதற்கு என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி தர்மசங்கடத்தில் நெளிந்தார். ஜீவமணி சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகச் சொன்னால் எந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறுவது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

பிளாரன்ஸ் எழுந்தாள்.

"நீங்க ஆம்பிளைய எல்லாரும் மூஞ்சியப் பாத்து நியாயம் சொல்லுத ஆளுக. அவ சொந்தத் தாயா இருந்தாலும் தேறலன்னா தேறலன்னுதான் சொல்லுவா. அத நம்பித்தான் பம்பாய்க்காரன் வாங்குதான். அவள அனுப்பினிய, நாளைக்கே நான் இந்தச் சங்கத்துல இல்ல."

தீர்மானம் தோற்றது. கைகளை எண்ணவேண்டிய அவசியமே வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஜீவமணி ஓடிப்போய்ப் படிக்கட்டில் பிளாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரைத்தது.

"அக்கா, ஞாயித்துக்கெழம வரட்டா?"

பிளாரன்ஸ் கையை உதறவில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்ததாகத்தான் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள்.

"சங்கத்துக்கு நீ வேணும் ஜீவமணி," என்றாள். "எங்க வீட்டுக்கு வேண்டாம்."