ஓரத்துக்கு வெளியே அத்தை

அத்தை மானிட்டருக்கு வெளியே, சுவரில் மாட்டிய காலண்டர் பக்கமாக விரலை நீட்டி, "நான் அங்க நிக்கிறேன்" என்றார். திரையில் இருந்தது கடலூர் துறைமுகத்தில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் உரிந்த நீல பெயிண்ட். அத்தை அதில் இல்லை. எங்கள் கடை ஃபோல்டரில் எந்தப் படத்திலுமே இல்லை. மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க, அவர் பக்கத்தில் வைக்க அத்தையின் முகம் ஒன்று வேண்டுமென்று மாமா, அத்தை, நான் மூவரும் தேடியபோதுதான் இது தெரிந்தது.

மாமா எனக்கு உறவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் முதலாளி. பேனருக்குப் பின்னால் வரும் டிசைனை நெட்டிலிருந்து இறக்குவது அவருக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமையானால் அத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிச்சாவரம், சிதம்பரம் என்று கிளம்பி, மரப்பட்டை, வலை, மணல், பழைய சுவர் என்று எடுத்து வருவார். அதில் ஒரு சதுரத்தை வெட்டி, இடது ஓரம் வலது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் ஒட்டு தெரியாமல் சேரச் செய்துவிட்டால், தரைக்கு டைல்ஸ் பதிக்கிற மாதிரி எவ்வளவு பெரிய பேனரையும் நிரப்பிவிடலாம். அந்த வேலை என்னுடையது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்றால், சிதம்பரத்துச் சுவர் ஒன்றின் மூலையில் உட்கார்ந்திருந்த காக்காயை அழிக்க மறந்து, கல்யாண பேனர் முழுக்கக் காக்காயாக அடித்துக் கொடுத்தேன். முன்னோரெல்லாம் மொத்தமாக வந்துவிட்டார்கள் என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கும்பிட்டதால் தப்பித்தேன். அதிலிருந்து மாமா இன்னும் கண்டிப்பானார். ஆள், ஆடு, நிழல் எதுவும் படத்தில் விழக்கூடாது.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. செல்போன் பேசுவதற்கு மட்டும். விசேஷ வீடுகளில் எப்போதும் பந்திப் பக்கம். ஆக, கிடைத்தது கல்யாணப் போட்டோவும் ஆதார் அட்டையும்தான். முதலாவதைப் போட்டால் மாமா தன் மகளோடு நிற்பது போலிருக்கும். இரண்டாவதைப் பார்த்து அத்தையே, "யார்ரா இவ, ஜெயில்லேர்ந்து தப்பிச்சு வந்தவளாட்டம்?" என்றார்.

படங்கள் மாற மாற அத்தையின் விரலும் மாறியது. "இதுல இந்தப் பக்கம். வெயில்ல தல சுத்திடுச்சு." "இதுக்கு ஓடத்துலேர்ந்தே எறக்கி வுட்டாரு. சேத்துல நின்னேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "இத்தினி வருஷத்துல ஒரு தடவகூடவா கை தவறி என்னை எடுக்கலீங்க?"

மாமா மவுஸையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரத்தில் வாயை மூடவேண்டும் என்று தெரியாத நான், "நீங்க இருந்தா ஒட்டு தெரியும் அத்த" என்றேன்.

மாமா எழுந்து கேமராவை எடுத்தார். அத்தையைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்ததும், அத்தை தானாகவே பக்கவாட்டில் நகர்ந்து படத்தை விட்டு வெளியே போய்விட்டார். யாரும் சொல்லவில்லை. பழக்கம். மாமா கேமராவை இறக்கினார். போய்க் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, "இங்கியே இரு" என்றார். அந்தப் படம்தான் பேனரில் வந்தது, ஒரு கண் பாதி மூடியபடி.

இப்போதும் ஞாயிறு தோறும் போகிறார்கள். போன வாரம் பிச்சாவரத்திலிருந்து வந்த படங்களில் அலையாத்தி மர வேரெல்லாம் மங்கல். லைஃப் ஜாக்கெட்டில் அத்தை மட்டும் பளிச்சென்று, வாய்விட்டுச் சிரித்தபடி.

"என்னா மாமா இது? இத வச்சு டைல் போட்டா பேனர் பூரா அத்தைதான் இருப்பாங்க."

மாமா திரையை எட்டிப் பார்த்தார். "இருந்துட்டுப் போவட்டும்டா."