ஒன்பது முதல் நான்கு வரை

1. பொத்தானை எடுத்த நாள்

ஹட்டன் கிளையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கொழும்பிலிருந்து நவநீதன் சார் மடிக்கணினியோடு வந்து இறங்கினார். முகம் சரியில்லை.

எங்களுடையது கைபேசியில் தமிழ்ப் படமும் தொடர்நாடகமும் காட்டுகிற சிறிய ஸ்ட்ரீமிங் கம்பெனி. சந்தா தினமும் காலையில் வாடிக்கையாளரின் ரீலோட்டிலிருந்து, அதாவது போனில் முன்கூட்டியே போட்டுவைத்த காசிலிருந்து, தானாகக் கழியும். ஆட்கள் சேராமல் இல்லை, சேர்ந்தவர்கள் நிற்கவில்லை. தீபாவளிக்குச் சேர்ந்து, நாலு படம் பார்த்துவிட்டு, பொங்கலுக்குள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் வார்த்தை 'சர்ன்'. மாதத் தொடக்கத்தில் இருந்த சந்தாதாரர்களில் மாதக் கடைசிக்குள் எத்தனை பேர் விலகினார்கள் என்கிற விகிதம் அது. ஒருவரைச் சேர்க்க விளம்பரத்துக்குப் போட்ட செலவு, அவர் சில மாதமாவது இருந்தால்தான் திரும்பி வரும். அதனால் முதல் போட்டவர்கள் வேறு எதைக் கேட்பதற்கு முன்னும் சர்னைத்தான் கேட்பார்கள்.

"கொழும்புல எல்லாரும் என்னப் போட்டு வறுக்கிறாங்க. தோட்டத்து ஆளுங்களப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வழி சொல்லுங்க" என்றார் சார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "பொத்தான எடுத்துருங்க சார். நிப்பாட்டணும்னா போன் பண்ணிச் சொல்லணும்னு வைங்க. கிழமை நாள்ல மட்டும், சனி ஞாயிறு இல்ல, ஒன்பதுல இருந்து நாலு வரைக்கும்."

"அதுல என்ன ஆகப்போகுது?"

"அந்த நேரம் அவங்க மலையில நிப்பாங்க சார்."

அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, மலையேறினால் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நாலரை தாண்டிவிடும். மழையில் நனையும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

2. கேக் வெட்டிய மாதம்

சர்ன் கிடுகிடுவென்று இறங்கியது. எனக்கு, சேர்ந்தவர்களைத் தக்கவைப்பவள் என்ற பொருளில், 'ரிடென்ஷன் மேனேஜர்' என்று பதவி வந்தது. கேக் வெட்டினோம். மேசையில் பெயர்ப்பலகை வைத்த அன்று அதை மூன்று கோணத்தில் படம் எடுத்தேன் என்றால் என் பவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளத்தில் ரீலோட் கடை வைத்திருந்த ஹாஜியார் மட்டும் படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"புள்ள, ஒங்கட கம்பெனியத் திட்டாத ஆளில்ல. ரீலோட் போட்டா போட்ட கையோட காணாமப் போகுது. ஏச்செல்லாம் எனக்குத்தான்."

"பாக்குறாங்கல்ல ஹாஜியார், அதான் கழியுது" என்று சமாளித்துவிட்டு மேலே வந்துவிடுவேன்.

பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மாத அறிக்கையில் சர்னுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி உண்டு: 'வாட்ச் டைம்', ஒரு ஆள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பது. அதுவும் மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை சாரிடம் காட்டினேன்.

"பாக்காட்டி நமக்கு நல்லதுதானே? சர்வர் செலவு மிச்சம்" என்றார்.

நானும் சரியென்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சந்தா கட்டிக்கொண்டு பார்க்காமல் இருப்பவர் வாடிக்கையாளர் அல்ல. வெளியே வர வழி தெரியாமல் நிற்பவர். இதை இப்போது எவ்வளவு தெளிவாக எழுதுகிறேன் பாருங்கள்.

3. புஷ்பம்மா

மாதம் முடிய மூன்று நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணியளவில் ஒரு அம்மா படியேறி வந்தார். பெயர் புஷ்பம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். போனை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"இந்தப் படத்த நிப்பாட்டிக் குடுங்க மிஸ். எங்க வீட்டுக்காரர் படுக்கையில கெடந்தப்போ அவருக்காகப் போட்டது. அவரு போயி மூணு மாசமாச்சு."

நிறுத்தக் கேட்பவர்களிடம் சொல்ல எங்களிடம் எழுதி வைத்த வசனம் உண்டு. அதை நான்தான் எழுதியிருந்தேன். வாய் தானாகச் சொன்னது: "உங்களுக்கு ஒரு மாசம் ஃப்ரீயா தரலாம் அம்மா."

"பாக்குறதுக்கு ஆளில்லையே மிஸ்."

அவரே தொடர்ந்தார். மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அப்பாவின் சாவுக்கு அவளை அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் அந்த வீட்டம்மாவின் போனில் பேசலாம். இவர்தான் இங்கிருந்து அழைப்பு எடுக்க வேண்டும்.

"சனிக்கெழம ரீலோட் போடுறேன். விடிஞ்சு பாத்தா விட்டுப்போன நாளுக்கும் சேத்து வெட்டியிருக்கு. மூணு வாரமா பேசல. சாவுக்கு வரலன்னு அம்மா கோவத்துல இருக்கேன்னு நெனைக்கிறா போல. கொழும்புக்குப் போன எங்க பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட அழுதிருக்கா. இந்த ஞாயித்துக்கெழமயாச்சும் பேசிறணும்."

"இன்னைக்கு உங்களுக்குப் பேர் விழாதே அம்மா?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கு விழும் பதிவு. டவுன்காரர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

புஷ்பம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மிஸ் எந்தத் தோட்டம்?"

"நான் டவுன்தான்" என்றேன்.

"அதான பாத்தேன். தோட்டத்துப் புள்ளையா இருந்தா நாங்க மலையில நிக்கிற நேரம் தெரிஞ்சிருக்கும். நீங்க என்ன செய்வீங்க, பாவம், ஒங்களுக்குத் தெரியாதுதானே."

எனக்காக அவர் பரிதாபப்பட்டார். அதற்குப் பிறகும் நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த மாதம் எங்கள் கிளையின் சர்ன் கொழும்பு வைத்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் ஒரே ஒருவர் விலகினாலும் தாண்டிவிடும். அவருடைய விண்ணப்பத்தை 'பென்டிங்' என்று போட்டு, ஒன்றாம் தேதிக்குத் தள்ளினேன். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை.

"நிப்பாட்டியாச்சு அம்மா, போயிட்டு வாங்க" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

4. அழைப்புப் பட்டியல்

அடுத்த வருடம் போன் கம்பெனிகள், எந்தச் சந்தாவையும் ஒரு குறுஞ்செய்தியில் நிறுத்தலாம் என்று வசதி செய்தன. இரண்டு வருடமாக நாங்கள் அடைத்து வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே மாதத்தில் வெளியே போனார்கள். உண்மையில் அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அதை எண்ணாமல் இருந்தது நாங்கள். நவநீதன் சார் வேறு கம்பெனிக்குப் போனார். ஹட்டன் கிளையை மூடச் சொன்னார்கள்.

மூடுவதற்கு முன் பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்கு. அதில் எங்கள் எண்ணுக்கு வந்த அழைப்புகளின் பட்டியல் இருந்தது. அந்த எண் இலவசம். ரீலோட்டில் ஒன்றுமில்லாவிட்டாலும் எடுக்கலாம். புஷ்பம்மாவின் நம்பரைத் தேடினேன். அவர் ஹட்டனுக்கு வருவதற்கு முந்தைய வாரங்களில் பதினோரு அழைப்புகள். எல்லாமே மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதற்குக் கீழே அந்த ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி ஒரு நிமிடம், பத்து நான்கு, பத்து ஏழு, பத்து இருபது. மகளை எடுக்க முடியாத போனில், எங்களை மட்டும்தான் எடுக்க முடிந்திருக்கிறது.

அன்று அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். பாவனையில் இல்லை என்று வந்தது. அக்கரப்பத்தனைக்கு பஸ் ஏறிப் போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை. எந்தத் தோட்டம் என்று திரும்பக் கேட்பார் என்ற பயம்தான் காரணம்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சர்ன் இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன் வாட்ச் டைமைப் பாருங்கள். ஒருவர் போக முடிவெடுத்த நாளைக் குறியுங்கள், நீங்கள் விட்ட நாளை அல்ல. உங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று யாராவது புகழ்ந்தால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாயைத் திறவுங்கள்.

புஷ்பம்மா, நான் டவுன் இல்லை. அந்த நேரம் எனக்குத் தெரியும்.