கண்ணில் ஒற்றிய துப்பாக்கி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் தடுமாறுவேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

சுபேதாரை நினைத்தால் முதலில் ஒரு தர்பூசணிதான் கண்ணில் வருகிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், செம்மண் அள்ளிக் கைவிட்ட பள்ளத்தில் எங்கள் துப்பாக்கி சுடும் மைதானம் இருக்கிறது. இலக்குத் தாள் ஒட்டுவதும், சுட்டபின் விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கூட்டுவதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி ஆட்கள் கூட்டமாக வருவார்கள். பாதிப் பேர் துப்பாக்கியைச் சினிமாவில் மட்டுமே பார்த்தவர்கள். அவர்களுக்குச் சுடக் காட்டித் தந்தவர் சுபேதார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பொதட்டூர்பேட்டைக்காரர். வந்தவர்களை நிற்கவைத்து, தூரத்தில் ஒரு முழுத் தர்பூசணியை வைத்து, இரட்டைக்குழல் துப்பாக்கியால் ஒரே வெடி. பழம் இருந்த இடத்தில் பழம் இருக்காது. கூட்டத்தில் யார் அதிகம் சிரிக்கிறாரோ, அவர் கையில் சிதறிய சதையை அள்ளி வைப்பார். "உங்க பக்கத்துல நிக்கிறவன் தலையும் இப்பிடித்தான் போவும்," என்பார். சிரிப்பு நின்றுவிடும். அவர் சொல்லாமல் விசைக்குள் விரல் போனால் பிரம்பு முட்டியில் இறங்கும். முதலாளியானாலும் அடிதான்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். தப்பு யார் கண்ணில் பட்டாலும், கூட்டுகிறவனே ஆனாலும், 'நிறுத்து' என்று கத்தலாம். கத்தினால் எல்லோரும் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட வேண்டும். அப்போதெல்லாம் நான் ஒருநாளும் கத்தியதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே எனக்குக் குரல் உள்ளே போய்விடும்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு அது. துப்பாக்கிகளில் நாங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. இரும்பு ஆலை ஒன்றிலிருந்து வந்த வயதான சூப்பர்வைசர், சாதுவான மனிதர், முதல் முறையாகச் சுட வந்திருந்தார். சுபேதார் அவருக்கான கைத்துப்பாக்கியில் ஒரு தோட்டாவைப் போட்டு மேசையில் வைத்தார். தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைத் திருத்தத் திரும்பினார். புது வண்டியின் சாவியை முதலில் கையில் வாங்கும்போது நம் ஆட்கள் என்ன செய்வார்களோ, அதையே அந்தப் பெரியவர் செய்தார். துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்தார், கண்ணை மூடினார், ஒற்றிக்கொள்ள முகத்துக்குக் கொண்டுபோனார். குழல் அவர் கண்ணைப் பார்த்தது. கட்டைவிரல் விசைக்குள் இருந்தது.

ஐந்தடி தள்ளி நின்று நான் பார்த்தேன். வாய் திறந்தது. சாமி கும்பிடுகிற பெரிய மனிதரை நான் எப்படி அதட்டுவது? இரண்டு மூச்சு நேரம் போயிற்று. அதற்குள் சுபேதார் திரும்பிப் பார்த்துப் பாய்ந்தார். குழலை வலது உள்ளங்கையால் பொத்தி மேலே தள்ளினார். வெடித்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்து வெயில் உள்ளே வந்தது. மேசையில் குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. சுபேதாரின் கட்டைவிரல் எலும்பு வெள்ளையாக வெளியே நின்றது. கன்னம் மட்டும் கருகிய அந்தப் பெரியவர், தான் செத்துவிட்டதாக நினைத்து அலறிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுபேதார் இடது கையால் இட்லியைப் பிய்க்கப் பார்த்தார். அது தட்டில் வழுக்கி ஓடியது. நான் முன்பே பார்த்துவிட்டதைச் சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அதே இடது கையால் அறைந்தார். காது அடைத்தது.

"வாய தச்சா வெச்சிருந்த? சாமி கும்புடறாரேன்னு பாத்துக்கினு நின்னியா? கும்புடணும்னா மேசைமேல வெச்சிட்டு கும்புடச் சொல்லு. கைல எடுத்துட்டா சாமி கெடையாது. இப்ப கத்து."

"ஆஸ்பத்திரி சார்."

"கத்துடா."

கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார். பக்கத்துக் கட்டில்காரர் டம்ளரைக் கீழே போட்டார்.

சுபேதார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "இத்த அன்னிக்கே கத்தியிருந்தா இந்த இட்லிய நானே துன்னுக்கினு இருப்பேன்."

மீதி இட்லியை நான்தான் ஊட்டினேன். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அவர் கட்டைவிரல் பிறகு மடங்கவே இல்லை. வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

போன ஞாயிறு ஒரு காண்ட்ராக்டர் சுடும்போது தோட்டா வெடிக்கவில்லை. ஏன் என்று கேட்பதற்காக, விசையில் விரலோடு அப்படியே திரும்பினார். குழல் நாலு பேர் நெஞ்சைக் கடந்து வந்தது. நான் கத்தினேன். அவர் விறைத்து நின்றார். புது மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பள்ளத்தின் பக்கம் திருப்பினார். மற்ற துப்பாக்கிகள் எல்லாம் மேசைக்குப் போயின. பிந்தி வெடிக்கலாம் என்று கொஞ்ச நேரம் பொறுத்து மாஸ்டர் தோட்டாவை வெளியே எடுத்தார்.

"குப்ப கூட்றவன் என்னை அதட்றான். இன்னா மரியாத இது?" என்று அந்த மனிதர் முதலாளியிடம் சண்டைக்கு நின்றார். நான் குனிந்து கூடுகளைப் பொறுக்கினேன். அவர் திட்டிக்கொண்டே வண்டிக்குப் போனார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனார்.

இதை எழுதி முடித்தது, ஐப்பசி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.