கந்தப்பு அங்கிளின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எச்சரித்தேன். லிட்டில் இந்தியாவில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, தைப்பூசப் பேனர், சாப்பாட்டுக் கடை மெனு எல்லாம் அடித்துக் கை பழகியவள். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதுதான் தொழில், அது சரி. ஆனால் ரூபினி வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது.

கந்தப்பு அங்கிள் எங்கள் தீவுக்கும் அக்கரைக்கும் நடுவில் ஓடும் ஃபெரியின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பாயான் பாருவில் வீடு. நல்ல மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான்: அவர் தொடங்கிய எந்தக் கதையையும் யாரும் முடிக்க விட்டதில்லை. யாரும் என்றால், முக்கியமாக அவருடைய மச்சான் சின்னையா. அங்கிளின் மனைவி கனகேஸ்வரி ஆண்டியின் கூடப் பிறந்த அண்ணன். புக்கிட் மெர்தாஜாமில் தலைமையாசிரியராக இருந்தவர். கல்யாண வீடோ பிறந்த நாளோ, அங்கிள் "அப்போ ஃபெரியில ஒரு நாள்" என்று ஆரம்பித்தால் போதும், சின்னையா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "சுருக்கமா சொல்லு மச்சான்" என்பார். சுருக்கினால் அங்கிளின் கதைகளில் ஒன்றும் மிஞ்சாது. அது அங்கிளுக்கும் தெரியும். அதனால் பேசாமல் வடையை எடுத்துக் கடிப்பார்.

"புத்தகமா எழுதிட்டா நடுவுல பேச முடியாது பாரு பிள்ளை," என்று என் கடையில் வந்து உட்கார்ந்தார். "அவன் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கணும். எனக்கு அது போதும்."

"மத்தவங்க?"

"மத்தவங்க படிச்சா சந்தோஷம். அவன் படிக்கணும்."

ஒரு மனிதரைப் படிக்க வைக்க இன்னொரு மனிதர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் எழுதினார். நான் தட்டச்சு செய்து கொடுத்ததில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால்கூடக் கண்டுபிடித்தார். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், சின்னையாவுக்குக் கண் சரியில்லையாம். பெரிதாக்கியதில் தொண்ணூற்றாறு பக்கம் நூற்றுப் பன்னிரண்டாக வீங்கியது. தேசிய நூலகத்திலிருந்து ஐ.எஸ்.பி.என். எண் வந்த அன்று கடைக்கு லட்டு வாங்கி வந்தார். தலைப்பு 'கரையோரக் கந்தப்பு'. பிறந்ததில் தொடங்கிக் கல்யாண நாளோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதுக்கப்புறம் நடந்ததை உங்க ஆண்டி தினமும் சொல்றா லா, நான் வேற எழுதணுமா?" என்றார்.

வினை அட்டையில் வந்தது. எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு மாதிரி கொண்டு வருகிறேன் என்று போனவர், சாமி அறை அலமாரியிலிருந்து ஆறு சிறு புத்தகங்களைக் கொண்டு வந்து வைத்தார். ஆறும் ஒரே அச்சு. நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. உள்ளே முதலில் தேவாரம், பிறகு வம்சாவளி, பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி.

"யாரு அங்கிள் இவங்கெல்லாம்? எழுத்தாளர்களா?"

"சேச்சே. இது எங்க பெரியப்பா, இது சின்னம்மா, இது கிள்ளான் மாமா. எங்க ஆளுங்க யாராவது போயிட்டா முப்பத்தோராம் நாள் இப்படி ஒண்ணு அடிச்சுக் கொடுப்போம். கல்வெட்டுன்னு பேரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கிள், இது செத்தவங்க புத்தகம். நீங்க குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. வேணாம் லா."

அங்கிள் அசையவில்லை. அவர் அதையும் யோசித்து வைத்திருந்தார். "மத்த புத்தகத்தைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடுவாங்க பிள்ளை. இதைப் போட மாட்டாங்க. பாவம் வரும்னு சாமி அறையில வெச்சுக்குவாங்க. அப்போ என்னைக்காவது எடுத்துப் படிப்பாங்க இல்ல?"

"பார்த்தவுடனே நீங்க போயிட்டீங்கன்னு நினைப்பாங்க."

"பிறந்த தேதி மட்டும்தானே போடப் போறேன். இன்னொரு தேதி இல்லைன்னா ஆள் இருக்கான்னு தெரியாதா? எங்க ஆளுங்க படிச்சவங்க."

படித்தவர்களைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லாமல் குத்துவிளக்கை வரைந்து கொடுத்தேன்.

நூறு பிரதி அடித்தோம். பத்துப் பிரதியைப் பக்கத்துப் புத்தகக் கடைக்காரர் பெரிய மனதோடு வாங்கிப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். சிலதை அங்கிள் பிற்பாடு கொடுக்கலாம் என்று கட்டி வைத்துக்கொண்டார். மீதியைத் தபாலில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார். சிரம்பான், கிள்ளான், ஈப்போ, தைப்பிங், கடைசியாகப் புக்கிட் மெர்தாஜாம். உள்ளே ஒரு வரி கடிதம்கூட வைக்கவில்லை. புத்தகமே பேசுமாம்.

பேசியது. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ஆண்டி எனக்குப் போன் செய்தார். "நீ உடனே வா. நீதானே அடிச்சே? வந்து நீயே பதில் சொல்லு." அங்கிளைப் பற்றித் துக்கம் விசாரித்து அதற்குள் பன்னிரண்டு பேர் பேசிவிட்டார்களாம். முதலில் சிரம்பானிலிருந்து பேசியவரிடம் ஆண்டி விஷயம் புரியாமல், புத்தகத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று கேட்டதற்கு, "மூணு வருஷம் லா, ராத்திரி பகல் பார்க்கலை, இப்போதான் எனக்கு நிம்மதி" என்றாராம். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டாராம்.

நான் போனபோது காலஞ்சென்றவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு இடியாப்பமும் சொதியும் வைத்துப் பசியாறிக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. செத்ததாகச் சொன்னதற்காக இல்லை.

"பன்னெண்டு பேர் கூப்பிட்டாங்க பிள்ளை. ஒருத்தன் உள்ளே திறந்து பார்க்கலை. எல்லாரும் அட்டையைப் பார்த்துட்டு அழறானுங்க."

எனக்கு "அன்றைக்கே சொன்னேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பாவமாக இருந்தது. மூன்று வருட உழைப்பு, ஒவ்வொரு வீட்டிலும் சாமி அறைக்குள் பத்திரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது, யாரும் தொடாமல்.

"சின்னையா மாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவன் மகன் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போயிருந்தான். முந்தாநாள்தான் வந்திருப்பான். அவனும் அட்டையோடதான்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் காடி வந்து நின்று கதவு திறக்கும் சத்தம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஒரு கையில் மல்லிகை மாலை, இன்னொரு கையில் 'கரையோரக் கந்தப்பு'. சின்னையா மாமா வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே! நேத்திலேருந்து உன் போன் கிடைக்கவே இல்லையே!"

ஆண்டி கையை மட்டும் சாப்பாட்டு மேசைப் பக்கம் நீட்டினார். சின்னையா மாமா திரும்பிப் பார்த்தார். அங்கிள் வாயில் பாதி இடியாப்பத்தோடு, "வா மச்சான், பசியாறு" என்றார்.

மாலை கீழே விழுந்தது. ஆள் விழாமல் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தவர் அங்கிளின் கையைப் பிடித்து, தோளைத் தடவி, இருக்கிறார் என்று உறுதியானதும் ஓங்கி முதுகில் ஒன்று வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீதான் பிரிண்டரா? மறைஞ்ச தேதி விட்டுப் போச்சேன்னு நான் உன்னைத் திட்டிக்கிட்டு வந்தேன்!"

"மறையலை, அதான் போடலை," என்றேன். எனக்கும் ரோஷம் உண்டு.

"எப்போ போனான், எப்படிப் போனான்னு ஒண்ணுமே தெரியலை. சரி, உள்ளே எங்கயாவது போட்டிருப்பாங்கன்னு தேடினேன். நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சேன். ஒவ்வொரு பக்கமா பார்க்கறேன், இவன் சாகவே மாட்டேங்கறான்! ஃபெரிங்கறான், மழைங்கறான், ஆட்டுக்குட்டி தண்ணியில விழுந்துச்சுங்கறான்..." சட்டென்று ஏதோ ஞாபகம் வந்து புத்தகத்தை மேசையில் அடித்தார். "அது இருக்கட்டும்! நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கே? பொய்! பச்சைப் பொய்!"

அங்கிளின் கை சொதிக் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது.

"எந்தப் பக்கம்?"

"நூத்திப் பன்னெண்டு! கல்யாணத்தன்னைக்குத் தோழனா உன்னை அழைச்சிட்டு வந்த நான், பட்டர்வொர்த்துல காடியை நிறுத்தி மீ கோரெங் சாப்பிட்டேனாம், அதனால ஃபெரியை விட்டுட்டோமாம், முகூர்த்தத்துக்கு லேட்டாம்! மீ கோரெங்கா? அது வறுத்த மீ! நான் சாப்பிட்டது குழம்பு ஊத்தின மீ ரெபுஸ்!"

நாற்பது வருடமாக மாப்பிள்ளை தூங்கிப்போனதால் தாமதம் என்று நம்பியிருந்த ஆண்டி தன் அண்ணனைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அங்கிள் அதைக் கவனிக்கவே இல்லை. என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"பிள்ளை, நூத்திப் பன்னெண்டுன்னு சொல்றான்."

"கேட்டுது அங்கிள்."

"ரெண்டாம் பதிப்புல மீ ரெபுஸ்னு மாத்திடு."

சின்னையா மாமா முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தபோது, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்கள் எட்டிப் பார்த்தன. அங்கிளின் கண் அதில் போய் விழுந்தது.

"அது என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்லை. துக்க வீட்டுல பேசணுமேன்னு ரெண்டு வார்த்தை எழுதினேன். படிச்சதுல இருந்துதான். விடு, இப்போ எதுக்கு?"

"வாசி."

"அடப் போடா."

"வாசி மச்சான். நான் நிஜமாவே போனப்புறம் நீ வாசிச்சா என்னால கேட்க முடியாது."

ஆண்டி ஒரு டம்ளர் தேநீரைக் கொண்டு வந்து அண்ணன் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். சின்னையா மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களை விரித்தார். நாலு பக்கம் இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, சுருக்கமா சொல்றேன்."

"வேணாம்," என்றார் கந்தப்பு அங்கிள், நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு. "முழுசா சொல்லு."