‘மீனாட்’ என்று நின்ற தாள்

ஓரங்களில் துளையிட்ட அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. தேர்வு எழுதியவர்களின் பட்டியல் அது. கடைசி வரியில் ‘மீனாட்’ என்பதோடு அச்சு நின்றுவிட்டது. தல்லாகுளத்தில் நான் வேலை பார்த்த கணினி நிலையத்தில் அந்த எழுத்தோடு எல்லாமே நின்றது.

அங்கே ஒரே கணினி. அதோடு இணைத்த எட்டுத் திரைகளில் எட்டுப் பெண்கள் பெயர்களைத் தட்டச்சு செய்வார்கள். புதிதாக வந்த பிரிண்டரை இயக்கும் நிரலை எழுதும் வேலை எனக்கு. கணினியின் எல்லா வேலைகளையும் ஆளும் மையத்துக்குக் கர்னல் என்று பெயர். பழைய அமைப்பில் கோப்பு, வட்டு, அச்சு எல்லாம் அந்த ஒரே கர்னலுக்குள் முழு அதிகாரத்தோடு இருக்கும். ஒன்று தடுமாறினால் அத்தனையும் சாயும். மைக்ரோகர்னல் என்னும் புதிய முறையில் கர்னல் மிகச் சிறியது. மற்றவை தனித்தனி நிரல்களாக வெளியே நின்று, செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும். இதைப் படித்திருந்ததால், எங்கள் பழைய கணினியிலும் அச்சு வேலையை மட்டுமாவது வெளியே வைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன்.

“ஒவ்வொண்ணுக்கும் சேதி அனுப்பிக்கிட்டு இருந்தா வேகம் என்னாகும்? உள்ளயே வையி. வீட்டுல மொத ஆளாப் படிச்சு வந்த பிள்ளைக்கு இம்புட்டுப் பேச்சா?” என்றார். வேகம் குறையும் என்பது உண்மைதான். என் படிப்புக்கும் அந்த வேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தால் இன்றும் கொதிக்கிறது.

உள்ளேயே வைத்தேன். மூன்றாம் நாள் பிரிண்டரில் தாள் சிக்கியது. சிக்கினால் என்ன செய்வதென்று நான் எழுதியிருந்த வரியில் ஒரு பிழை. எட்டுத் திரைகளும் உறைந்தன. “எம்மா, காலையில இருந்து அடிச்ச அம்புட்டும் போச்சே!” என்று முதல் வரிசை அக்கா தலையில் கைவைத்தார். மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, “எல்லாம் இவ பாத்த வேலை. மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு உக்காரு. இல்லாட்டி கெளம்பு” என்றார்.

எழுதினேன். ‘பிழையான வரி என்னுடையது. ஒரு வரி எட்டுப் பேரின் உழைப்பை விழுங்கும் இடத்தில் அதை வைக்கச் சொன்னவர் நீங்கள்.’ கீழே அவரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தேன். அன்றே என்னை வெளியே அனுப்பினார்.

இப்போது பழங்காநத்தத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில், மைக்ரோகர்னல் ஓடும் கணினியில் வேலை செய்கிறேன். நேற்று அங்கும் தாள் சிக்கி, என் அச்சு நிரல் விழுந்தது. அது மட்டும்தான் விழுந்தது. பக்கத்துத் திரையில் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுபடி ஓடவிட்டேன், அச்சு தொடர்ந்தது.

வீட்டுக்கு வந்து பழைய தாளை எடுத்தேன். ‘மீனாட்’டுக்குப் பக்கத்தில் மீதியைப் பேனாவால் எழுதிவிடலாம். மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும். அதைப் பாதியில் நிறுத்தியது நான் மட்டும் இல்லை.