துவக்குக்கு எடுத்த அளவு

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கணவர் இறந்து, மகளும் கொப்பன்ஹேகனுக்குப் போன பிறகு, வீட்டில் கதைக்க ஆளில்லாமல்தான் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் விளையாட்டில் விருப்பம் என்று சொல்லி வைத்தேன்.

இரண்டு வருடம் கிளப்பின் கைத்துப்பாக்கியால் சுட்டுப் பழகினேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கப் பொலிஸ் அனுமதி கிடைத்தது.

"துவக்கோ? உங்களுக்கென்ன விசரே, அம்மா?" என்றாள் மகள், போனில்.

என் சம்பளத்துக்குப் புதியது கட்டாது. விற்பனைக்கு வந்த பழையவற்றில் ஆக மலிவானதைத் தெரிந்தெடுத்தேன். கிளப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் அதை என் கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அதன் மரப்பிடி ஒரு பெரிய ஆம்பிளையின் கைக்குச் செய்தது. என் விரல் விசையை எட்டவேயில்லை.

"விலையைப் பாத்தனி, கையைப் பாக்கேல்லையே," என்றாள். "பரவாயில்லை, இதையே வாங்கு. பிடியை நான் செதுக்கித் தாறன்."

என் வலது கையை ஒரு தாளில் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். நாள் முழுக்க மற்றவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடுகிற கை அது. அதை ஒருவர் பிடித்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் யோசித்தேன்.

வரைந்து முடித்துவிட்டாள். எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை.

"இடது கையையும் தாளில் கீறிவிடு," என்றேன்.

நான் இடது கையால் சுடுவதில்லை என்று கிர்ஸ்டனுக்கு நன்றாகத் தெரியும். என்றாலும் தாளைத் திருப்பி, என் இடது கையைப் பிடித்து அதில் விரித்து வைத்தாள்.