சலரி கேப்பும் ஒரு சனிக்கிழமை ஏலமும்

என் பழைய காரைத் திறந்து பார்த்த, மெல்பேர்ணில் மல்கிரேவ் பக்கத்து மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே, "இது செத்துப்போச்சு, மேட்" என்றான். எங்கள் ஊர் மெக்கானிக் என்றால் "கொஞ்சம் வேலை கிடக்குது அண்ணை" என்றிருப்பான். நாங்களும் விளங்கிக்கொண்டு காரைத் தலைமுழுகியிருப்போம். அப்பா இறந்தபோது கொழும்பிலிருந்த எனக்கு வந்த செய்தியும் அப்படித்தான்: "அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமக் கிடக்குது, வெளிக்கிட்டு வா." அழுதுகொண்டுதான் பஸ் ஏறினேன். எங்களுக்கு அவ்வளவு போதும்.

2011இல் மெல்பேர்ணில் ஒரு ஃபுட்டி கிளப்பின், அதாவது ஆஸ்திரேலியப் பாணிக் கால்பந்துக் கிளப்பின், கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு கிளப் தன் வீரர்கள் எல்லோருக்குமாக ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது இங்கே விதி. சலரி கேப் என்பார்கள். இளையவர்கள் மூவருக்குச் சம்பளம் கூட்டவேண்டி வந்தது. யாரைக் கழித்தால் சரிவரும் என்று பார்க்கச் சொன்னார்கள். ஜேசனைக் கழித்தால் சரிவந்தது. மைதானமே எழுந்து நின்று பெயர் சொல்லிக் கத்தும் நட்சத்திரம் அவன். மனேஜர் முதுகில் தட்டினார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாட்டின் மறுகரையிலுள்ள பேர்த் நகரக் கிளப் ஒன்றுக்கு அவனை விற்கப் பேச்சு முடிந்தது. ஜேசனிடம் திங்கட்கிழமை சொல்வதாக ஏற்பாடு; சம்மதிக்காவிட்டால் ரிசர்வ் அணியில் குந்தவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை அவன் என் அறைக்கு வந்தான். சிவகுமாரன் என்ற என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகிய ஒரே ஆள் அங்கே அவன்தான். அவன் மனைவிக்கு ஏழு மாதம். மெல்பேர்ண் புறநகரான கிரான்பர்னில், அவளுடைய தாய் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு வீடு நாளைக்கு ஏலத்துக்கு வருகிறதாம்.

"உனக்குத் தெரிந்திருக்கும். என்னை விற்கப் போகிறார்களா?"

வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். ஆனாலும் எங்கள் வழக்கப்படி சொல்லாமல் சொன்னேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. வீட்டுக்கு என்ன அவசரம், ஆறுதலாகப் பார்க்கலாமே" என்றேன். ஒரு தமிழன் என்றால் அந்த இடத்திலேயே கதிரையில் சரிந்திருப்பான். ஜேசன் என் தோளை அணைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை வீட்டை வாங்கினான்.

திங்கட்கிழமை கதவடியில் வந்து நின்றான். சத்தம் போடவில்லை.

"வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும்."

"ஆறுதலாகப் பார்க்கலாம் என்று சொன்னேனே, ஜேசன்."

"முடிவாகவில்லை என்றாய்."

பேர்த்துக்குத் தனியாகப் போனான். பிள்ளை பிறந்தபோது அங்கே பயிற்சியில் நின்றானாம். கிளப் கடையில் அவனுடைய ஒன்பதாம் இலக்க ஜேர்சிகளைப் பாதி விலைக்குப் போட்டார்கள். என் ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள்.

அடுத்த வருடம் ஒரு நாள், வேலையில் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணை போன் எடுத்தார். "தம்பி, அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாமக் கிடக்குது. அந்தரப்படாதை, ஆறுதலா ரிக்கெற் போட்டு வா."

பக்கத்து மேசைக்காரி என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றேன். விரைவில் சுகமாகிவிடுவார் என்று சிரித்தாள். நானும் அவளைப்போல, ஜேசனைப்போல, சொன்னதைச் சொன்னபடியே நம்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி; தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன். வெள்ளை வேட்டியை எடுத்து வை என்று மனைவிக்குப் போனில் சொல்லிக்கொண்டே, இன்றைக்கே பறந்தால் அம்மா இல்லையென்பது உறுதியாகிவிடும் என்பதுபோல, அடுத்த கிழமைக்கு ரிக்கெற் போட்டேன்.